போக இருபத்தைந்து, திரும்ப முந்நூற்றைம்பது

எங்கள் வீட்டு வரவு செலவு நோட்டை எழுதுவது திருமணமான நாளிலிருந்து என் பொறுப்பு. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெரினாவுக்குப் போய் வந்த கணக்கை மறுநாள் காலை எழுத உட்கார்ந்தபோது, எனக்கே சற்று வெட்கமாக இருந்தது. நானும் கணவரும், அறுபத்தேழு வயதான அத்தையும், பதின்மூன்று வயது மகளும், எட்டு வயது மகனுமாக ஐந்து பேர் திருவொற்றியூர் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினோம்; சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுன் வரை நடந்து, பறக்கும் ரயிலில் கலங்கரை விளக்கம் நிலையத்தில் போய் இறங்கினோம். ஆளுக்கு ஐந்து ரூபாய் வீதம் போன செலவு 25 ரூபாய். திரும்பும்போது இருட்டி நேரமாகிவிட்டது, மகன் தூங்கிவிட்டான், அத்தைக்கு முழங்கால் வலி, பறக்கும் ரயில் நிலையத்தின் படிகளை நினைத்தாலே மலைப்பாக இருந்தது. ஆட்டோ பிடித்தோம். அதற்கு 350 ரூபாய். பஜ்ஜி, சுண்டல், ஐஸ்கிரீம் என்று 420. தண்ணீர் பாட்டில்களுக்கு 60. ராட்டினம், குதிரைச் சவாரி, பலூன் சுடுவது ஆகியவற்றுக்கு 240. மொத்தம் 1,095 ரூபாய். அதில் ரயிலுக்குக் கொடுத்தது இருபத்தைந்தே ரூபாய்.

சிக்கனமாக ஊர் சுற்றுவது பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் டிக்கெட்டில் எப்படி மிச்சம் பிடிப்பது என்றே பேசுகிறார்கள். சென்னைப் புறநகர் ரயிலில் இருபது கிலோமீட்டர் வரை 5 ரூபாய், அதற்கு மேல் நாற்பத்தைந்து கிலோமீட்டர் வரை 10 ரூபாய். 2025 ஜூலையில் விரைவு ரயில்களின் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் புறநகர்க் கட்டணத்தையும் சீசன் டிக்கெட்டையும் தொடவில்லை. இதில் மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? எங்கள் பணம் கரைவது ரயிலில் ஏறுவதற்கு முன்னும் இறங்கியதற்குப் பின்னும்தான். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஒரு ஷேர் ஆட்டோ, இறங்கிய இடத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு இன்னொன்று, ரயில் தவறிவிட்டதால் நடைமேடையில் குடித்த ஐந்து டீ, களைப்பினால் எடுத்த கடைசி ஆட்டோ. இந்த நான்கையும் ஒழித்தால் போதும் என்று நோட்டின் ஓரத்தில் எழுதிவைத்தேன். அதன்பின் ஓராண்டாக நாங்கள் போன இடங்களைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறிய தொகைதான் என்றாலும் அதிலும் தெரியாமல் இழப்பது உண்டு. திருவொற்றியூரிலிருந்து தாம்பரத்துக்குப் போக வேண்டும் என்றால், நாங்கள் நெடுங்காலம் சென்ட்ரலுக்கு ஒரு டிக்கெட் வாங்கி, பார்க் நிலையத்தில் மறுபடியும் வரிசையில் நின்று தாம்பரத்துக்கு இன்னொன்று வாங்கிக்கொண்டிருந்தோம். ஐந்தும் பத்தும் பதினைந்து ரூபாய். திருவொற்றியூரிலேயே தாம்பரம் வரைக்கும் ஒரே டிக்கெட்டாகக் கேட்டால் மொத்தத் தூரமும் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவதால் பத்து ரூபாய்தான். தலைக்கு ஐந்து ரூபாய் மிச்சம் என்பதைவிட, விடுமுறை நாளில் பார்க் நிலையத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கால் மணி நேரம் மிச்சம் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு வயது நிறையும் வரை அரை டிக்கெட். ஆனால் குறைந்தபட்சக் கட்டணமே ஐந்து ரூபாய் என்பதால், ஐந்து ரூபாய்த் தூரத்தில் பெரியவருக்கும் சிறுவனுக்கும் ஒரே விலைதான்; பத்து ரூபாய்த் தூரத்தில்தான் அரை டிக்கெட்டின் பயன் தெரியும். 2025 ஜூலையில் வந்த ரயில்வேயின் ரயில்ஒன் செயலியில், ஆர்-வாலட் என்ற அதன் மின்பணப்பை மூலம் முன்பதிவில்லா டிக்கெட் வாங்கினால் மூன்று விழுக்காடு குறைகிறது. ஐம்பது ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய். அதற்காக யாரும் மகிழ்ந்துபோக வேண்டியதில்லை. வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம் என்பதும், கவுன்டர் வரிசையால் ரயிலைத் தவறவிட வேண்டியதில்லை என்பதும்தான் அதன் உண்மையான லாபம். எங்கள் பாதையில் ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்தது வருவதற்குள் பிள்ளைகளுக்குப் பசி எடுத்துவிடும். பசி எடுத்தால் பணப்பையைத் திறந்தாக வேண்டும்.

டிக்கெட்டில் உண்மையாகவே பணம் போவது தவறான பெட்டியில் ஏறும்போதுதான். என் நாத்தனார் வீட்டுக்காரர், கூட்டமில்லாத பெட்டியாக இருக்கிறதே என்று முதல் வகுப்பில் குடும்பத்தோடு ஏறிவிட்டார். புறநகர் ரயிலில் அந்தப் பெட்டி வெளியிலிருந்து பார்க்க மற்றவற்றைப் போலவே இருக்கும். பக்கவாட்டில் உள்ள எழுத்தைக் கவனிக்க வேண்டும். கட்டண வித்தியாசத்துக்கு மேல் தலைக்கு 250 ரூபாய் அபராதம். அதே போலப் புறநகர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு அதே தண்டவாளத்தில் வரும் விரைவு ரயிலில் ஏறுவதும் செல்லாது. அவர் அந்த மாதம் முழுவதும் யாரிடமும் ரயிலைப் பற்றிப் பேசவில்லை.

இனி இடங்களுக்கு வருகிறேன். வடசென்னைக்காரர்கள் ஊர் சுற்றுவது என்றாலே தெற்கே பார்க்கிறோம். மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் எல்லாம் நகரத்தைக் கடந்து போக வேண்டிய இடங்கள். சென்ட்ரலிலோ கடற்கரை நிலையத்திலோ மாறியாக வேண்டும். திரும்பும்போது நகரத்தின் கூட்டம் முழுவதையும் சந்திக்க வேண்டும். கும்மிடிப்பூண்டிப் பாதையில் வடக்கே போனால் மாற வேண்டியதே இல்லை. விடுமுறை நாள் காலையில் உட்கார இடம் கிடைக்கும். எண்ணூர் தாண்டியதும் உப்பங்கழியும், அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், நந்தியம்பாக்கத்துக்குப் பிறகு வயல்களும் வரும். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்; ஆனால் என் மகனுக்கு நிலக்கரி ஏற்றிப் போகும் சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணுவது குதிரைச் சவாரியைவிடப் பிடித்திருக்கிறது, அதற்குக் காசும் இல்லை.

சென்ற தை மாதத்தில் பழவேற்காட்டுக்குப் போனோம். பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. திருவொற்றியூரிலிருந்து பொன்னேரிக்கு ஆளுக்குப் பத்து ரூபாய், மகனுக்கு ஐந்து. ஆக ஒரு வழிக்கு 45, இரு வழிக்கும் 90. வாடகைக் காருக்கு விசாரித்தபோது சொன்ன தொகை இரண்டாயிரத்து ஐந்நூறு. பொன்னேரி நிலையத்தின் வெளியே ஆட்டோக்காரர் ஒருவர், பழவேற்காட்டுக்கு நேரே கொண்டுபோய் விடுவதாக அறுநூறு ரூபாய் கேட்டார். இங்கேதான் எங்கள் பழைய பழக்கம் தலைகாட்டியது. கணவர் சட்டைப்பையில் கை வைத்துவிட்டார். "பஸ் வரட்டும்பா, என்ன அவசரம்? நான் நிற்கிறேன்" என்று அத்தை சொன்னதால் தப்பினோம். இருபது நிமிடத்தில் பேருந்து வந்தது. போக வர எங்கள் ஐவருக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், அப்படிப்பட்ட பேருந்து வாய்த்தால் எங்கள் குடும்பத்தில் டிக்கெட் எடுக்க வேண்டியவர்கள் கணவரும் மகனும் மட்டுமே.

பழவேற்காட்டில் பார்ப்பதற்குக் கட்டணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரையில் தங்கள் வணிகத்தை அங்கிருந்து நடத்தினார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடாகக் கிடக்கிறது. ஆனால் பதினேழாம் நூற்றாண்டுக் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. அதன் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கிவைத்திருக்கிறார்கள். எட்டு வயதுப் பையனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கல்வெட்டுகளில் இருக்கும் கப்பல்களையும் கேடயங்களையும் மகள் தன் நோட்டில் வரைந்துகொண்டாள்; ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. குளிர்காலத்தில் ஏரியில் பூநாரைகள் வரும். எங்களுக்குத் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரிந்தன. அருகில் போய்ப் பார்க்கப் படகு வேண்டும். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று அந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். யாராவது கரையில் வந்து படகுச் சவாரிக்குக் கூப்பிட்டாலும் நாங்கள் போவதில்லை.

மதியத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். சாப்பாட்டை முழுவதும் வீட்டிலிருந்து கொண்டுபோவது என் வழக்கமில்லை. போன இடத்தில் எதையும் வாங்கித் தராமல் கூட்டிவந்தால் பிள்ளைகளுக்கு அது உலாவாக இல்லாமல் வேலையாகத் தோன்றிவிடும். எனவே வயிறு நிறைவதற்கு வீட்டுச் சாப்பாடு, வாய்க்கு ஒரு பண்டம் வெளியில் என்று வைத்திருக்கிறேன். அன்று அந்தப் பண்டம் வறுத்த இறால். அதற்கு 180 ரூபாய் கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. நாள் முழுவதற்கும் செலவு 430 ரூபாய். மெரினாவுக்கு ஆனதில் பாதிகூட இல்லை.

இந்தப் பாதையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கும்மிடிப்பூண்டி வரையிலான தண்டவாளத்தில் புறநகர் ரயிலோடு விரைவு ரயில்களும் சரக்கு ரயில்களும் ஓடுகின்றன. ஏதாவது ஒன்றுக்கு வழிவிட்டு நம் ரயில் சிக்னலில் நிற்பது அடிக்கடி நடப்பதுதான். புறநகர் மின்சார ரயிலில் கழிப்பறையும் கிடையாது. சின்னக் குழந்தையோ முதியவரோ உடன் வந்தால் நிலையத்தில் ஏறுவதற்கு முன் அந்த வேலையை முடித்துவிட வேண்டும். அத்தை இதற்காகவே ரயில் ஏறும் நாளில் காலையில் இரண்டாவது காப்பியைத் தவிர்த்துவிடுவார். திரும்பும் ரயிலை மாலை ஐந்து மணிக்குள் பிடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. இருட்டியபின் ஏறினால் குழந்தை தூங்கிவிடும், தூங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் நடக்கமாட்டார்கள், அந்த இடத்தில் முந்நூற்றைம்பது ரூபாய் காத்திருக்கும்.

எங்கேயும் போகத் தெம்பில்லாத ஞாயிறுகளில் ராயபுரத்துக்கே போயிருக்கிறோம். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது அந்த நிலையத்திலிருந்துதான். தூண்களோடு நிற்கும் அந்தச் சிவப்புக் கட்டடத்தைத் தினமும் கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை; நானும் முப்பத்தெட்டு வயதுக்குப் பிறகுதான் பார்த்தேன். அங்கிருந்து அடுத்த நிலையம் சென்னைக் கடற்கரை. பர்மா பஜார் பக்கம் நடந்து ஆளுக்கொரு தட்டு அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்புவோம். அன்றைய செலவில் பெரும் பங்கு அத்தோவுக்குத்தான். அதைக் குறைக்கச் சொல்லி எந்தக் கணக்கு நோட்டும் என்னைக் கேட்க முடியாது.

தெற்கே போவதை அடியோடு விட்டுவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கடற்கரை நிலையத்திலிருந்து பத்து ரூபாய்தான். செவ்வாய்க்கிழமை மட்டும் பூங்காவுக்கு விடுமுறை. 2025 ஏப்ரலில் கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயில் வந்தபின் பிள்ளைகள் அதில் போக வேண்டும் என்று நச்சரித்தார்கள். அதில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். செங்கல்பட்டு வரை போனால் 105. சாதாரண ரயிலில் ஐந்து பேர் ஒருமுறை போகும் செலவைவிட அதில் ஒருவர் ஒருமுறை போகும் செலவு அதிகமாகிவிடும். எனவே அதை ஒரு சவாரியாகவே வைத்துக்கொண்டோம். எழும்பூர் வரை ஒரே ஒரு முறை அதில் போய் இறங்கி, அங்கிருந்து வழக்கமான ரயிலில் ஏறிக்கொண்டோம். மகன் அதைப் பற்றிப் பள்ளியில் ஒரு வாரம் பேசினான்.

மெட்ரோ எங்கள் வீட்டுக்கு ரயில் நிலையத்தைவிட அருகில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை அது வந்தபோது, கட்டணத்தைக் குறைத்து ஞாயிறுகளில் பாதியாக்கினார்கள். ஆனாலும் மெட்ரோவில் அரை டிக்கெட் என்பது இல்லை. தொண்ணூறு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும்தான் இலவசம். ஐந்து பேராகப் போனால் மின்சார ரயிலோடு அது போட்டியிட முடியாது. மெரினாவிலிருந்து திரும்பும் இரவுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். பேருந்தில் சென்ட்ரலுக்கு வந்து, மின்தூக்கியில் இறங்கி, உட்கார்ந்தே வீட்டருகே வந்துவிடலாம். அத்தையின் முழங்காலுக்கும் நல்லது. அந்த 350 ரூபாய் ஆட்டோவுக்கு நாங்கள் கண்டுபிடித்த மாற்று அதுதான்.

முன்பதிவு செய்து போகும் தூரப் பயணங்களில் கணக்கு வேறு. 2016 ஏப்ரல் 21 முதல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கேட்டால் முழுக் கட்டணம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட மூத்த குடிமக்கள் சலுகையும் திரும்ப வரவில்லை. அத்தைக்கும் மகனுக்கும் முழு டிக்கெட் எடுத்து ஒரே நாளில் போய்த் திரும்புவது எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், ஒருநாள் உலா என்றால் புறநகர் ரயில் போகும் எல்லைக்குள்தான் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த எல்லையும் சிறியதில்லை. வடக்கே சூலூர்ப்பேட்டை, மேற்கே திருத்தணி, தெற்கே காஞ்சிபுரம் வரை அது போகிறது.

அத்தைக்கு நெடுநாளாக ஓர் ஆசை. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வரும் நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிப் பொழுதில் எங்கள் ஊர் வடிவுடையம்மன், மாலையில் வடதிருமுல்லைவாயல் கொடியிடையம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும். தெருவில் சிலர் சேர்ந்து வேன் வைத்து ஆளுக்கு நானூறு ரூபாய் வசூலித்தார்கள். நான் ரயில் அட்டவணையை எடுத்து உட்கார்ந்தேன். காலையில் மீஞ்சூருக்கு ஐந்து ரூபாய், அங்கிருந்து மேலூருக்குப் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ. திரும்பி வந்து வடிவுடையம்மனைத் தரிசித்துவிட்டு, வீடு பக்கத்திலேயே இருப்பதால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் காலை நீட்டிக்கொள்ளலாம். வேனில் போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. மூன்று மணிக்கு மறுபடி ரயில், பேசின் பிரிட்ஜில் மாறி ஆவடி ரயிலில் திருமுல்லைவாயல். அதுவும் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் போகாது. பள்ளி நாள் என்பதால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். அர்ச்சனைத் தட்டு, பூ, எலுமிச்சை மாலை எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 310 ரூபாய். நோட்டில் ரயில் என்ற தலைப்பின் கீழ் நான் எழுதியது 60. பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது அத்தை தன் சுருக்குப் பையிலிருந்து இருபது ரூபாயை எடுத்து இரண்டு கொய்யாப் பழம் வாங்கினார். இதை நோட்டில் எழுதாதே என்றார். நானும் எழுதவில்லை.